சின்ன நாய்... பெரிய துறுதுறுப்பு! எந்த வீடு அதற்குச் சரிப்படும்?

'குட்டி நாய்தானே... ஒரு மூலையில சுருண்டு படுத்துக்கும். ஃபிளாட்டுக்குப் பொருத்தமா இருக்கும்!' - தெருவில் கைவிடப்பட்டு, யாரோ இரக்கப்பட்டு மீட்டெடுத்த சின்ன நாயைத் தத்தெடுக்க வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். மூன்றே வாரத்தில், 'செருப்பையெல்லாம் கடிச்சுடுது, ஓயாம குரைக்குது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாங்க' என்று அதே நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் நடக்கிறது.

தப்பு நாயின் மேல் இல்லை. அதன் அளவைப் பார்த்தவர்கள், சுறுசுறுப்பைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்!

ஒருமுறை வீட்டை இழந்த நாய், இரண்டாவது முறையும் இழந்தால் மனிதர்களை நம்பவே பயப்படும். பயந்த நாய் கடிக்கவும் செய்யும். ஆகவே, சரியான வீடு தேடுவது நாயின் நன்மைக்காக மட்டுமல்ல. அந்த வீட்டுக் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும்தான்.

உடம்பு சின்னது, வேலை பெரியது!

சின்ன நாய்களில் பல, மடியில் உட்காருவதற்காக உருவானவை அல்ல. குட்டைக் காலும் நீள உடம்புமாக இருக்குமே டாஷண்ட்... அது ஜெர்மனியில், வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற விலங்கைப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்ட இனம். பூந்தொட்டி மண்ணை அது தோண்டுவது குறும்பல்ல, பிறவிக் குணம். ஜாக் ரஸ்ஸல் டெரியர், இங்கிலாந்தில் நரி வேட்டைக்கு உருவானது. 'பொமரேனியன்' என்று நம் ஊரில் சொல்லப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். காலிங்பெல் அடித்தாலும் குரைக்கும். காற்று அடித்தாலும் குரைக்கும்! நம் தெருநாய்க் குட்டிகளும் கலப்பின நாய்களும்கூட துறுதுறுப்பில் சளைத்தவை அல்ல.

இப்படிப்பட்ட நாய்க்குக் காலையும் மாலையும் அரை மணி நேரமாவது நடை வேண்டும். அதோடு விளையாட்டும் வேண்டும். நடக்கும்போது அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். கால் ஓய்வது போலவே மூளையும் ஓய்ந்தால்தான் நாய் வீட்டில் அமைதியாகப் படுக்கும். பழைய துண்டில் பிஸ்கட்டைச் சுருட்டி வைத்துத் தேடச் சொல்வதுகூட நல்ல பயிற்சிதான்.

யார் வீட்டுக்குக் கொடுக்கலாம்?

'வீடு எவ்வளவு பெரிசு?' என்று கேட்காதீர்கள். 'தினமும் யார் கூட்டிட்டுப் போவீங்க?' என்று கேளுங்கள். மழை நாளில், பரீட்சை நேரத்தில், ஊருக்குப் போகும்போது யார் பொறுப்பு என்பதற்கும் பதில் வேண்டும். 'பையன் பார்த்துப்பான்' என்றால் போதாது. பெரியவர் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும்.

கணவன்-மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடா? பத்து மணி நேரம் தனியாக அடைபட்டுக் கிடந்தால், துறுதுறு நாய் கதவைப் பிறாண்டும், ஊளையிடும். நடுவில் ஒருமுறை வந்து பார்க்க ஆள் இருந்தால் மட்டுமே அந்த வீடு சரிப்படும்.

தவழும் குழந்தை இருக்கிறதா? எவ்வளவு சாதுவான நாயானாலும், குழந்தையோடு அதைத் தனியாக விடவே கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று புரிந்துகொள்ளும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடு நல்லது.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இன்னும் யோசிக்க வேண்டும். காலைச் சுற்றி ஓடும் சின்ன நாய் தடுக்கி விழுந்தால், எலும்பு தேய்ந்தவர்களுக்கு இடுப்பு முறிவு வரை போய்விடலாம். அவர்களுக்குத் துணை வேண்டுமென்றால், ஓட்டம் குறைந்த, நடுவயது நாயே ஏற்றது.

ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். அலர்ஜிக்குக் காரணம் முடி மட்டுமல்ல. நாயின் எச்சிலிலும், உதிரும் தோல் துகள்களிலும் உள்ள புரதம். 'முடி கொட்டாத ஜாதி' என்று நம்பி எடுக்காமல், சில நாள் நாயோடு பழகிப் பார்த்த பிறகு முடிவு செய்வதே புத்திசாலித்தனம்.

கொடுக்கும் முன்...

கால்நடை மருத்துவரிடம் காட்டி, உண்ணி, தோல் நோய், குடற்புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் போட வேண்டும். பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும் தொடர வேண்டும். கருத்தடை ஆபரேஷனும் அவசியம். சென்னை மாநகராட்சி எல்லையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசிச் சான்று தேவை.

நாயின் குணத்தை மறைக்காதீர்கள். 'கொஞ்சம் குரைக்கும்', 'பூனையைக் கண்டால் துரத்தும்' என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். சென்னை புளூ கிராஸ் போன்ற அமைப்புகள் வழியாகத் தத்தெடுப்பவர்களும், பராமரித்தவரிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடியாமல் போனால் என்ன செய்வது? 'எங்களிடமே திருப்பிக் கொடுங்கள்' என்று முதலிலேயே பேசி வையுங்கள். தெருவில் விட்டுவிடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

முதல் மூன்று மாதம் பொறுமை!

முதல் மூன்று நாள் பயத்தில் சாப்பிடாமல்கூட இருக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பழகும், சேட்டையும் தலைகாட்டும். மூன்று மாதம் ஆகும் 'இது நம்ம வீடு' என்று நம்புவதற்கு. இது பொதுவான கணக்குதான். சில நாய்களுக்கு இன்னும் நாளாகும்.

வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்கு முன்பும், தரை ஆறிய பிறகும் மட்டும் நடக்க விடுங்கள். உங்கள் புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். சாக்லெட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு ஆகாது. டாஷண்டை சோபாவிலிருந்து குதிக்க விடாதீர்கள். அதன் முதுகுத்தண்டு எளிதில் பாதிக்கப்படும். தூக்கும்போது மார்பையும் பின்பகுதியையும் இரு கைகளால் தாங்கித் தூக்குங்கள்.

கடித்துவிட்டால்...

'நம்ம நாய்தானே' என்று அலட்சியம் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. தடுப்பூசியை உரிய நேரத்தில் முழுமையாகப் போட்டுக்கொண்டால் நோயைத் தடுத்துவிடலாம். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம்.

கேட்ட முதல் ஆளிடம் நாயைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பத்து நாள் தாமதமானாலும் பரவாயில்லை. அந்த வீட்டாரை இரண்டு முறை வரச் சொல்லி, ஒருநாள் காலையில் அவர்களே வாக்கிங் கூட்டிப்போகட்டும். திரும்பி வரும்போது அவர்கள் முகத்தில் களைப்பையும் மீறிச் சிரிப்பு இருந்தால்... தாராளமாகக் கொடுக்கலாம்!