பணிசெயல் முறைமை மாறினால் கோப்புகள் எங்கே போகின்றன?

மாணவர்களே, விண்டோஸ் பணிசெயல் முறைமையிற் பழகிய நீங்கள் ஒருநாள் கணினிக் கூடத்திற்குச் செல்லும்போது, அங்கே லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு நிறுவப்பட்டிருப்பதாகக் கொள்வோம். விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 ஐ நிறுவ முடியாத பழைய கணினிகளைத் தொடர்ந்து பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழியாகும். ஆகவே இந்நிலைமை உங்களுக்கும் ஏற்படலாம்.

சீ, டீ என்னும் செலுத்திகளைத் தேடுகிறீர்கள், காணவில்லை. பென்டிரைவில் உள்ள செயற்றிட்ட அறிக்கையைத் திறக்கிறீர்கள். தமிழ் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன. "எல்லாம் அழிந்துவிட்டது" எனப் பதற வேண்டாம். பெரும்பாலான வேளைகளிற் கோப்பு அழிவதில்லை. கோப்பின் இடத்தைக் குறிக்கும் முறை, பெயரிடும் விதி, திரையிற் காட்டும் முறை ஆகியனவே மாறுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. செலுத்திகள் எங்கே?

எம்.எஸ்.டொஸ் காலத்தில் ஏ, பீ ஆகிய எழுத்துகள் நெகிழ்வட்டுகளுக்கு ஒதுக்கப்பட்டன. வன்தட்டிற்குச் சீ என்னும் எழுத்துக் கிடைத்தது. இவ்வழக்கத்தை விண்டோஸ் தொடர்ந்து பின்பற்றுகின்றது. லினக்ஸில் செலுத்தி எழுத்துகள் இல்லை. எல்லாக் கோப்புறைகளும் / என்னும் ஒரே மூல அடைவிலிருந்து மரத்தின் கிளைகள் போலப் பிரிகின்றன. பயனரின் சொந்தக் கோப்புகள் ஹோம் என்னும் அடைவினுள் அவரது பெயரிலுள்ள கோப்புறையில் இருக்கும். பென்டிரைவைச் செருகும்போது அதுவும் இம்மரத்தில் ஒரு கிளையாக இணைக்கப்படும். இதனை மவுண்ட் செய்தல் என்பர். உபுண்டுவில் அக்கிளை மீடியா என்னும் அடைவின் கீழ் அமையும். கோப்பு முகாமையாளரின் இடப்பக்கப் பட்டியலிலும் அதனைக் காணலாம்.

2. பெயர்களிற் கவனம்

பாதையை எழுதும்போது விண்டோஸ் \ என்னும் குறியையும் லினக்ஸ் / என்னும் குறியையும் பயன்படுத்துகின்றன. மேலும் லினக்ஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும். ஒரே ஆங்கிலச் சொல்லை முதலெழுத்துப் பெரிதாகவும் சிறிதாகவும் எழுதி இரு கோப்புகளை ஒரே கோப்புறையிற் சேமிக்கலாம். விண்டோஸில் சாதாரணமாக இவ்விரண்டும் ஒரே பெயராகும். எனவே அவற்றை விண்டோஸிற்குப் பிரதி செய்யும்போது "மாற்றீடு செய்யவா?" என்னும் வினா தோன்றும். சிந்திக்காமல் ஆம் என்றால் ஒரு கோப்பை இழப்பீர்கள்.

: ? * போன்ற குறிகளை லினக்ஸ் கோப்புப் பெயரில் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. இரு முறைமைகளிலும் வேலை செய்பவர்கள் இக்குறிகளைத் தவிர்த்தல் நன்று.

3. மறைந்திருக்கும் கோப்புகள்

லினக்ஸில் புள்ளியுடன் தொடங்கும் பெயரைக் கொண்ட கோப்பு மறைந்திருக்கும். உபுண்டுவின் கோப்பு முகாமையாளரில் கன்ட்ரோல் சாவியையும் எச் சாவியையும் சேர்த்து அழுத்தினால் அது தோன்றும். பென்டிரைவிற் கோப்புகளை நீக்கிய பின்னரும் இடம் குறையாக இருந்தால் இவ்வாறு பாருங்கள். நீக்கிய கோப்புகள் அதே பென்டிரைவில் மறைந்த குப்பைக் கோப்புறை ஒன்றில் இருக்கக்கூடும். குப்பைத் தொட்டியை வெறுமையாக்கினாலே இடம் கிடைக்கும்.

4. தமிழ் ஏன் மாறித் தெரிகின்றது?

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யும்போது கோப்பிற் சேமிக்கப்படுவன ஆங்கில எழுத்துகளுக்குரிய குறியீடுகளே. அவ்வெழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவிற் காட்டுகின்றது. புதிய கணினியில் அவ்வெழுத்துரு இல்லாவிடின் ஆங்கில எழுத்துகளே தெரியும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீண்டும் தோன்றும். நிலையான தீர்வு, ஆவணத்தை யுனிகோட்டிற்கு மாற்றுவதாகும். யுனிகோட்டில் தமிழுக்கெனத் தனியான குறியீடுகள் உண்டு. ஆகையால் முறைமை மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

5. உண்மையான இழப்பு எப்போது ஏற்படும்?

(அ) பென்டிரைவை உடனே பிடுங்கும்போது. லினக்ஸ் தரவுகளை முதலில் நினைவகத்தில் வைத்துப் பின்னரே பென்டிரைவில் எழுதக்கூடும். பிரதி செய்தல் முடிந்ததாகத் திரையிற் காட்டினாலும் எழுதுதல் முடிந்திராது. எப்போதும் பாதுகாப்பாக அகற்றும் தெரிவைக் கொடுத்து, அனுமதி கிடைத்த பின்னரே கழற்றுங்கள்.

(ஆ) புதிய முறைமையை நிறுவும்போது. வட்டை முழுமையாக அழித்து நிறுவும் தெரிவைக் கொடுத்தால் எல்லாப் பிரிவிடல்களிலும் உள்ள கோப்புகள் நீங்கிவிடும். ஆகவே நிறுவுவதற்கு முன்னர் வேறோர் ஊடகத்திற் காப்புப்பிரதி எடுத்து, அது திறக்கின்றதா எனவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வினா

ஒரு மாணவி 5 ஜிகாபைற்று அளவான ஒளிப்படக் காட்சிக் கோப்பொன்றை 16 ஜிகாபைற்று கொண்ட வெறுமையான பென்டிரைவிற்குப் பிரதி செய்ய முயன்றாள். அது முடியவில்லை. காரணமும் தீர்வும் தருக.

விடை: பென்டிரைவ் ஃபெட் 32 கோப்பு முறைமையில் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். அதில் தனிக் கோப்பொன்று 4 ஜிகாபைற்றிற்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும். பென்டிரைவை எக்ஸ்ஃபெட் முறைமையில் மீள வடிவமைத்தல் தீர்வாகும். விண்டோஸும் இன்றைய லினக்ஸும் அதனை ஏற்கும். வடிவமைத்தல் உள்ளிருக்கும் கோப்புகளை நீக்கும் என்பதால், பென்டிரைவ் வெறுமையாக இல்லாவிடின் முதலிற் காப்புப்பிரதி எடுத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க: கோப்பொன்று கண்ணிற் படவில்லை என்பதும் அது அழிந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. முதலில் இடத்தைத் தேடுங்கள், அடுத்துப் பெயரைச் சரிபாருங்கள், பின்னர் எழுத்துருவைக் கவனியுங்கள். அதன் பின்னரே முடிவுக்கு வாருங்கள்.