ஐம்பதை நெருங்கும் வயதில் வெளிநாட்டு வேலை... நிலத்தை அடகு வைக்கும் முன் பார்க்க வேண்டியவை!

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் பார்த்த பூமி, திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டாரம். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் நிலத்தடியில் சேர்த்து வைத்த தண்ணீர்தான் அதற்குத் தெம்பு. சென்னையின் தாகத்துக்காக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் பல பத்தாண்டுகளாகக் குழாய்க் கிணறு போட்டு இறைத்ததில், மீஞ்சூர் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போன நிலத்தில் மூன்று போகம் என்பது பழங்கதை.

இன்னொரு பக்கம் தொழிற்சாலைகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தொடர்ந்து தேர்வாய்கண்டிகையிலும் சிப்காட் வந்தது. ஆடு மாடு மேய்ந்த இடம் என்று ஊர் மக்கள் போராடிய நிலம் அது. 2009-இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட பிரெஞ்சு டயர் நிறுவனமான மிச்செலின் அங்கே ஆலை கட்டியது. பக்கத்திலேயே கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து அரை டி.எம்.சி. கொள்ளளவில் சென்னைக்குக் குடிநீர்த் தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பர் 21-இல் திறப்பு விழா நடந்தது. இப்படி நிலம் போனவர்கள், தண்ணீர் போனவர்கள், இரண்டும் இருந்தும் கட்டுப்படியாகாதவர்கள் என்று மூன்று வகைக் குடும்பங்களிலும் 45 வயதைத் தாண்டிய ஆண்களிடம் இன்று ஒரே பேச்சு அடிபடுகிறது: "இங்கே கம்பெனியில் சேர்வதா, துபாய், குவைத் பக்கம் போய்விடுவதா?"

முதலில் உள்ளூர்க் கம்பெனியைப் பார்ப்போம். நிரந்தர வேலைக்கு இளவட்டத்தையும் ஐ.டி.ஐ. படித்தவர்களையும்தான் தேடுகிறார்கள். சுமை தூக்க, இரும்பு வெட்ட, உலை பக்கம் நிற்க ஒடிசா, பீகாரிலிருந்து வரும் பையன்கள் இருக்கிறார்கள். நடுவயது விவசாயிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் கான்ட்ராக்டர் கீழே துப்புரவு, தோட்டம், காவலாளி வேலை. ஆனாலும் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவம் குடும்பத்துக்கே கிடைக்கும். பி.எஃப். பிடித்தால் ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 58 வயதுக்குள் 10 வருடப் பணி வேண்டும். 46 வயதில் சேர்ந்து 12 வருடம் 15,000 ரூபாய் சம்பளத்துக்குப் பிடித்தம் நடந்தால், 15,000-ஐ 12-ஆல் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் சுமார் 2,570 ரூபாய் வரும். 50 வயதில் சேர்ந்தால் 8 வருடம்தான் ஆகும். ஓய்வூதியம் கிடையாது, கட்டிய வகையில் ஒரு தொகை மட்டும் திரும்பும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிதாக எண் போட்டுவிட்டால் இந்தப் பத்து வருடம் சேரவே சேராது. யு.ஏ.என். எண் ஒருவருக்கு ஒன்றுதான் என்பதைப் பிடிவாதமாகச் சொல்லிப் பழைய எண்ணையே கொடுக்க வேண்டும்.

ஊரை விட்டு வந்து தொழிலை மாற்றிக்கொண்டவர்களைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1990-இல் இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்களுக்கு அமைத்த பெரிய முகாம் கும்மிடிப்பூண்டியில்தான் இருக்கிறது. வயல், கடல் என்று இருந்த பலர் இங்கே வந்து பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. இங்கிருந்து போக நினைப்பவருக்கு உட்கார்ந்து கணக்குப் போட அவகாசம் இருக்கிறது.

ஏஜென்ட் கேட்கும் பணமும் வட்டியும்

ஒரு சாதாரணக் கணக்கு. மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, போன் செலவு 7,000 போக மிச்சம் 18,000. ஏஜென்டுக்குக் கொடுக்க ஒன்றரை லட்சத்தை மூன்று வட்டிக்கு, நிலப் பத்திரத்தை வைத்து வாங்கினால் மாத வட்டி மட்டும் 4,500. வீட்டுச் செலவுக்கு 9,000 அனுப்பினால் அசலுக்கென்று ஒதுங்குவது 4,500-தான். இரண்டு வருட ஒப்பந்தம் முடியும்போது சேர்ந்திருப்பது 1,08,000. அசலில் 42,000 குறைகிறது. இரண்டு வருடம் வெயிலில் நின்றுவிட்டு வந்தால், பத்திரம் இன்னமும் வட்டிக்காரர் பெட்டியில்தான் இருக்கும். சம்பளம் சொன்னபடி, மாதம் தவறாமல் வந்தால் இந்தக் கணக்கு. வராவிட்டால் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் விதிகளின்படி, பதிவுபெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட் எல்லாம் சேர்த்து 50,000 ரூபாயில் முடிந்தால், அதே மூன்று வட்டியில்கூட மாதம் 7,500 அசலுக்கு ஒதுங்கும். ஏழே மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அந்த 50,000-த்தைக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடனாக வாங்கினால் இன்னும் சுலபம். இரண்டு கணக்கிலும் சம்பளம் ஒன்றுதான். ஏஜென்ட் கேட்கும் தொகைதான் வித்தியாசம்.

ஊருக்குள் வந்து ஆள் பிடிக்கும் சப்-ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. 'எனக்குத் தெரிஞ்ச மாப்பிள்ளை', 'மெட்ராஸ்ல ஆபீஸ் இருக்கு' என்பதெல்லாம் உரிமம் ஆகாது. வெளியுறவு அமைச்சகத்தின் 'இமைகிரேட்' இணையதளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் எண்ணோடு இருக்கிறது. இ-சேவை மையத்திலோ, படிக்கும் பிள்ளையின் செல்போனிலோ ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கக்கூட வழி இருக்காது.

50 வயதில் விலகிப்போகும் பாதுகாப்பு

நடுவயதுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது பாஸ்போர்ட்டில் இருக்கும் இ.சி.ஆர். முத்திரை பற்றி (கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் சவுதி, குவைத், அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால் குடியகல்வுப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் கட்டினால், விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

பத்தாவது தேறியவருக்கு இந்தச் சோதனை இல்லை. மூன்று வருடம் வெளிநாட்டில் இருந்து திரும்பியவருக்கும் இல்லை. 50 வயதைத் தாண்டியவருக்கும் இல்லை. அலைச்சல் மிச்சம் என்று பலர் இதைச் சலுகையாக நினைக்கிறார்கள். ஆனால் 49 வயதில் போகிறவரின் ஒப்பந்தத்தை ஓர் அரசு அலுவலகம் பார்க்கிறது. 51 வயதில் போகிறவரின் ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. உடம்பு தளரும் வயதில்தான் இந்த வேலி இல்லாமல் போகிறது. ஆகவே முத்திரை இல்லாதவர்கள் தாங்களே முன்வந்து இமைகிரேட்டில் பதிந்துகொள்வது நல்லது. தமிழக அரசின் வெளிநாடு வாழ் தமிழர் நலவாரியத்திலும் 200 ரூபாய் கட்டணத்தில் 18 முதல் 55 வயது வரை உறுப்பினராகலாம். விருப்பப்பட்டால் காப்பீடும் எடுக்கலாம். இந்த வாரியத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர், காங்கேயம் மாட்டினப் பாதுகாப்பால் விவசாயிகள் நன்கு அறிந்த கார்த்திகேய சிவசேனாபதி.

காப்பீடெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், 2024 ஜூன் 12-ஐ நினைத்துப் பார்க்கலாம். குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. இறந்த இந்தியர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். கொச்சிக்கு விமானப்படை விமானத்தில் உடல்கள் வந்தன. தமிழக அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது முதலமைச்சர் அறிவித்த நிவாரணம். உரிமையாகக் கேட்டு வாங்கும் பணம் அல்ல. 275 ரூபாய் கட்டி எடுத்த காப்பீடு உரிமை.

வீட்டு வேலைக்குப் பெண்கள் போவதாக இருந்தால் விதி இன்னும் கறார். இ.சி.ஆர். பாஸ்போர்ட் உள்ள பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். தனியார் ஏஜென்ட் அனுப்பக் கூடாது, அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

உடம்பு விஷயம். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில், என்றோ வந்து ஆறிப்போன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்தாலும் தகுதியில்லை என்று சொல்லிவிடுவார்கள். கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அப்படித்தான். பணம் கட்டிய பிறகு தெரிந்தால் நஷ்டம். முதலில் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே, சர்க்கரை, கொதிப்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். மலேசியாவுக்கு விண்ணப்பிக்க 45 வயதுதான் வரம்பு. வெயில் நமக்குப் புதிதா என்று கேட்கலாம். உச்சி வெயிலில் ஏர் அவிழ்த்துவிட்டு நிழலுக்குப் போகும் உரிமை நம் வயலில் நமக்கு இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை மட்டுமே வெட்டவெளி வேலைக்குத் தடை.

என்ன வேலைக்குப் போவது என்பதிலும் யோசனை வேண்டும். 'விவசாயம் தெரியும்' என்று மட்டும் சொல்லிப் போகிறவர், கடைசியில் பாலைவனத்தில் ஆடு மேய்க்க நிறுத்தப்படலாம். டிராக்டர் ஓட்டுபவர் கனரக உரிமம் எடுத்துக்கொண்டால், போர் மோட்டாரைப் பிரித்து மாட்டுபவர் பிளம்பர், எலெக்ட்ரீஷியன் சான்றிதழ் வாங்கிக்கொண்டால், அதே கைக்கு வேறு சம்பளம்.

இங்கே விட்டுப்போகும் நிலம்

புறப்படும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் தாலுகா ஆபீசிலும் இருக்கின்றன. பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால் முதலில் மாற்ற வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்காளிகளோடு பேசி உட்பிரிவு செய்துகொள்வது நல்லது. ஆள் ஊரில் இல்லாதபோதுதான் வரப்பு நகரும். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடன் தவணைக்குள் கட்டினால்தான் வட்டியில்லை. கட்டிவிட்டு மறுபடி எடுக்கக் கையெழுத்து வேண்டும். இதற்கெல்லாம் மனைவி பேரில் பவர் பத்திரம் பதிந்து கொடுத்துவிட்டுப் போகலாம். கடன், குத்தகை, பட்டா வேலைகளுக்கு மட்டும் அதிகாரம் கொடுத்தால் போதும். மனைவிக்கே ஆனாலும் விற்கும் அதிகாரத்தை எழுத வேண்டாம். மிரட்டிக் கையெழுத்து வாங்க ஆள் இருக்கும் ஊரில் அது அவருக்கே ஆபத்து. இங்கே செய்யாமல் போய்விட்டால், அங்கே இந்தியத் தூதரகத்தில் லீவு போட்டு நின்றுதான் எழுத வேண்டும்.

இன்னொரு சட்டம் பலருக்கும் தெரிவதில்லை. வெளிநாட்டில் சம்பாதித்துப் பக்கத்துக் காட்டை வாங்கிப் போட வேண்டும் என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் ஆசை. 1999-ஆம் ஆண்டு அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வேலைக்காக வெளிநாடு போனவர் 'வெளிநாட்டில் வசிப்பவர்' ஆகிவிடுகிறார். அப்படி வசிக்கும் வரை இந்தியாவில் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வீடு, மனை வாங்கலாம்; வயல் வாங்கக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் நிலத்தை வைத்துக்கொள்ளத் தடையில்லை, பரம்பரையாக வருவதற்கும் தடையில்லை. வங்கிக் கணக்கையும் என்.ஆர்.ஓ., என்.ஆர்.ஈ. என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஊரில் இருக்கும் மனைவி தன் பேரில் நிலம் வாங்கச் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. ஒரேயடியாக ஊர் திரும்பிய பிறகு அவரும் வாங்கலாம்.

அப்படித் திரும்பும்போது கையில் ஒரு தொகை சேர வேண்டுமானால், ஒப்பந்தத்தில் 'அடிப்படைச் சம்பளம்' என்ற வரியைப் போகும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அமீரகத்தில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகத் தர வேண்டும். அடிப்படையைக் குறைத்து, சாப்பாட்டுப் படி, தங்கும் படி என்று ஏற்றிக் காட்டியிருந்தால் இந்தத் தொகையும் சுருங்கிவிடும். ஏமாற்றம் எதுவானாலும், புறப்படும் முன்பும் பின்பும் இந்திய அரசின் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் வீட்டில் இருப்பவர்கள் இங்கிருந்தே பேசலாம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட் கொடுத்த ரசீது, காப்பீட்டுச் சான்று ஆகிய ஐந்துக்கும் ஒரு ஜெராக்ஸ் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தால்தான் அந்தப் பேச்சு மேலே நகரும்.