எலியும் பூனையும் ஒரே கூண்டில்

ஒருவருக்கொருவர் ஆகாது என்றால் "எலியும் பூனையும்போல" என்கிறோம். விடுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் இருவர் மின்விசிறியின் வேகத்துக்காகச் சண்டை போட்டாலும் இதே உவமைதான். கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டுமென்றால் கீரியையும் பாம்பையும் துணைக்கு அழைப்போம். பகை பிறவியிலேயே வருவது, இரத்தத்தில் ஊறியது, அதை மாற்ற முடியாது என்பதே இந்த உவமைகளின் அடியில் இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மை? அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு கரடி, ஒரு சிங்கம், ஒரு புலி ஆகிய மூன்றின் கதையோடு இதைப் பார்ப்போம்.

2001ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் போதைப்பொருள் வியாபாரி ஒருவரின் வீட்டைக் காவல் துறையினர் சோதனையிட்டனர். வீட்டின் நிலவறையில் அவர்கள் கண்டது மூன்று குட்டிகளை. ஒன்று அமெரிக்கக் கருங்கரடி, ஒன்று சிங்கம், ஒன்று புலி. மூன்றும் ஒரு வயதுகூட நிரம்பாதவை, மூன்றும் ஆண். பட்டினியாலும் குடற்புழுக்களாலும் நலிந்து போயிருந்தன. சிறிய கூண்டில் அடைபட்டுக் கிடந்த சிங்கக்குட்டியின் மூக்கில் ஆறாத புண். கரடியின் நிலைதான் மிகக் கொடுமை. குட்டியாக இருந்தபோது மாட்டிய வார்ப்பட்டையை அது வளர வளர யாரும் தளர்த்தவில்லை. பட்டை சதைக்குள் புதைந்து, சதை அதன்மேல் மூடி வளர்ந்திருந்தது.

குட்டிகள் லோகஸ்ட் குரோவ் என்னும் ஊரில் இருந்த 'நோவாஸ் ஆர்க்' விலங்குகள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே கரடிக்குப் பாலூ என்றும், சிங்கத்துக்கு லியோ என்றும், புலிக்கு ஷேர் கான் என்றும் பெயர். பாலூவும் ஷேர் கானும் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில் வருபவர்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். கதையில் அவர்கள் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பவர்கள். இங்கோ ஒன்றன்மேல் ஒன்று தலைசாய்த்துத் தூங்கியவர்கள்!

வார்ப்பட்டையை அறுத்தெடுக்கப் பாலூவுக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்காக அதைத் தனியே கொண்டு சென்றபோது மற்ற இரண்டும் நிலைகொள்ளாமல் தவித்தன என்று காப்பகத்தார் கூறினர். அதைப் பார்த்த பிறகு மூன்றையும் பிரிப்பதில்லை என்று முடிவாயிற்று. அமெரிக்கக் காட்டில் பிறக்க வேண்டியது ஒன்று, மற்ற இரண்டின் இனங்களும் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் உரியவை. இயற்கையில் ஒருபோதும் சந்திக்க வாய்ப்பில்லாத மூன்றும் ஒரே அடைப்பில், ஒரே மரக்குடிலைப் பகிர்ந்துகொண்டு ஏறத்தாழ 15 ஆண்டுகள் வாழ்ந்தன. சிங்கமாவது கூட்டமாக வாழும் விலங்கு. புலியும் கரடியும் வளர்ந்தபின் தனித்துத் திரிபவை. அப்படியிருக்க இது எப்படி நடந்தது?

விடையின் ஒரு பகுதி நம் உவமையிலேயே இருக்கிறது. சிங்-யாங் குவோ என்ற சீன உளவியலாளர் உண்மையாகவே எலியையும் பூனையையும் ஒன்றாக வளர்த்துப் பார்த்தவர். 1930இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பூனைக்குட்டிகள் மூன்று வகையாக வளர்க்கப்பட்டன. தாய் எலியைக் கொல்வதைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனிமையில் வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் கொன்றவை 3 மட்டுமே. அந்த மூன்றும்கூட எந்த வகை எலியோடு வளர்ந்தனவோ அந்த வகையைத் தொடவில்லை. வேறு வகை எலியைத்தான் கொன்றன. இந்த ஆய்வை முதன்முதலில் அறிந்தபோது நான் நின்று யோசித்தது இந்தக் கடைசிச் செய்தியில்தான். அந்தப் பூனைகளுக்கு வேட்டையாடும் திறன் இல்லாமல் போய்விடவில்லை. யார் இரை, யார் வீட்டார் என்ற கணக்குத்தான் மாறியிருந்தது.

பாலூட்டிகள் பலவற்றின் குட்டிப் பருவத்தில் ஒரு குறுகிய காலம் உண்டு. "இவர்கள் என்னவர்கள்" என்று மூளை பதிவு செய்துகொள்ளும் காலம் அது. நாய்க்குட்டிகளுக்குப் பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம் வரை என்று கணித்திருக்கிறார்கள். ஆடு மேய்ப்பவர்கள் இதை அறிவியலுக்கு முன்பே அறிந்திருந்தனர். காவல் நாயைக் குட்டியிலேயே மந்தைக்குள் விட்டு வளர்த்தால் அது பிற்காலத்தில் ஆடுகளைத் தன் கூட்டமாகக் கருதி ஓநாயிடமிருந்து காக்கும். நிலவறைக் குட்டிகளும் அந்தப் பருவத்தில்தான் அகப்பட்டுக்கொண்டன. தாய் இல்லை, தன்னினம் இல்லை. கதகதப்புக்கு ஒட்டிக்கொள்ள இருந்தது பக்கத்துக் குட்டியின் உடல்தான். காப்பகத்திலோ வேளைக்கு உணவு வந்தது. பசிக்காகப் போட்டியிட வேண்டிய தேவை இல்லை.

இதை நட்பு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழக்கம் என்றோ சகிப்பு என்றோ சொல்லி நிறுத்திக்கொள்வது அவர்கள் வழக்கம். ஆனால் மூன்று பேருக்கும் விலகிப் போய்ப் படுக்க இடம் இருந்தும் அவை அருகருகே வந்து படுத்தன. ஒன்றையொன்று உரசின, விளையாடின. விடுதித் தோழர்கள் இதைச் செய்தால் நாம் வேறு சொல் தேட மாட்டோம். எனக்கு நட்பு என்ற சொல்லில் தயக்கமில்லை.

தயக்கம் வேறோர் இடத்தில். இத்தகைய காட்சிகளைக் காணொளியில் பார்த்து நாம் நெகிழும்போது, அந்தக் குட்டிக்குத் தாய் எங்கே என்று கேட்பதில்லை. பாலூவும் லியோவும் ஷேர் கானும் ஒன்று சேர்ந்தது ஒரு குற்றத்தால். மனிதன் கையில் உணவு வாங்கி வளர்ந்த அவற்றைத் திரும்பக் காட்டில் விடவும் வழியில்லை. தனியார் பெரும்பூனைகளை வளர்ப்பதையும் பார்வையாளர் குட்டிகளைத் தொட்டுப் பழகுவதையும் தடுக்கும் நாடு தழுவிய சட்டம் அமெரிக்காவில் 2022 டிசம்பரில்தான் கையெழுத்தானது.

நம் நாடும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மலேசியாவின் சூரியக் கரடி முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. இருந்தும் 2019இல் கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடொன்றிலிருந்து ஒரு சூரியக் கரடிக்குட்டியைப் பெர்ஹிலித்தான் அதிகாரிகள் மீட்டனர். சபாவின் செப்பிலோக்கில் உள்ள சூரியக் கரடிகள் காப்பு மையத்துக்கு வந்து சேர்ந்த குட்டிகளில் பல, வீடுகளில் வளர்ப்புப் பிராணிகளாக இருந்தவை. மரம் ஏறுவது, கறையான் தோண்டுவது எனத் தாயிடம் கற்க வேண்டியதை அவை காட்டு மண்ணில் புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது.

அட்லாண்டா மூவருக்கு வருவோம். 2016 ஆகஸ்டில் லியோ நோயுற்றது. மயக்கமூட்டி வயிற்றைத் திறந்து பார்த்தபோது கல்லீரல் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டிருந்தது. மருத்துவர்கள் அதை மீண்டும் எழுப்பவில்லை. பாலூவும் ஷேர் கானும் சேர்ந்தே வாழ்ந்தன. 2018 டிசம்பரில் ஷேர் கானும் இறந்தது. மூவருக்கென்று கட்டிய குடிலில் அந்தக் குளிர்காலத்தில் பாலூ மட்டும் இருந்தது.