‘லவ் பைட்’ வெறும் அடையாளமா, காயமா? எங்கே கூடாது, எப்படிக் கேட்பது, தடம் விழுந்தால் என்ன செய்வது?

சுட்டெரிக்கும் வெயிலிலும் கழுத்தைச் சுற்றி ஒரு துப்பட்டா. இல்லைன்னா கடைசி பட்டன் வரை போட்ட சட்டை. யாராவது கேட்டால் ‘கொசு கடிச்சிடுச்சு’, ‘ஸ்ட்ரெய்ட்னர் சூடு பட்டுடுச்சு’ என்று ஒரு பதில். நம்ம ஊரில் ‘லவ் பைட்’ பற்றிய பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடுகிறது. அப்புறம் கூகுளில் ரகசியமாக ஒரு தேடல்: ஒரே நாளில் இதை எப்படிப் போக்குவது?

போக்குவது பற்றிக் கீழே சொல்கிறோம். அதற்கு முன்னால் இது என்ன, எங்கே வரக்கூடாது, யாரைக் கேட்டு வர வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம்.

தோலுக்கு அடியில் என்ன நடக்குது?

பெயரில்தான் ‘கடி’ இருக்கிறது. பெரும்பாலும் பல் படுவதே இல்லை. உதட்டை வைத்து தோலை உறிஞ்சும்போது, அடியில் இருக்கும் மிக மெல்லிய ரத்த நுண்குழாய்கள் உடைகின்றன. அதிலிருந்து கசியும் ரத்தம் வெளியே வர வழியில்லாமல் தோலுக்குக் கீழேயே தேங்கி நிற்கிறது. அவ்வளவுதான். மேசை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டால் வரும் ரத்தக்கட்டுக்கும் இதற்கும் மருத்துவ ரீதியாகப் பெரிய வித்தியாசம் கிடையாது. கழுத்திலும் தொடையின் உள்பக்கத்திலும் சீக்கிரம் தடம் விழுவதற்குக் காரணம், அங்கெல்லாம் தோல் மெல்லிசு.

நிறம் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்று பலருக்கும் சந்தேகம். முதலில் சிவப்பு, ஓரிரு நாளில் ஊதா அல்லது கருநீலம், பிறகு பச்சை, கடைசியில் மஞ்சள். தேங்கிய ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை உடல் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து அப்புறப்படுத்துகிறது. அப்போது முதலில் உருவாகும் பிலிவெர்டின் பச்சை நிறம், அடுத்து வரும் பிலிருபின் மஞ்சள். மஞ்சள் காமாலையில் கண்ணை மஞ்சளாக்குகிற அதே பிலிருபின்தான். ஆக, பச்சையோ மஞ்சளோ தெரிந்தால் பயப்பட வேண்டாம், ஆறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இந்த வண்ணங்கள் இவ்வளவு தெளிவாகத் தெரியாது. கரும்பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு மட்டும் தெரியும். சாதாரணமாக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் மறைந்துவிடும்.

இது மேல்நாட்டுப் பழக்கமா?

‘எல்லாம் வெளிநாட்டு சினிமா பார்த்துக் கெட்டுப்போனது’ என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். பற்குறி, நகக்குறி என்ற சொற்கள் தமிழில் பழையவை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில் கடிப்பதற்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. எட்டு வகைகளைப் பிரித்துச் சொல்லும் அந்த நூல், எங்கே கடிக்கக்கூடாது என்றும் சொல்கிறது: மேலுதடு, வாயின் உட்புறம், கண்கள். இந்தத் தடைப் பட்டியலில் இன்றைய மருத்துவம் இன்னொரு இடத்தையும் சேர்க்கச் சொல்லும். அது, எல்லாரும் முதலில் தேடிப் போகிற அதே கழுத்து.

கழுத்தில் என்ன ஆபத்து?

தொண்டைக் குழாய்க்கு இரண்டு பக்கமும் விரலை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். துடிப்பு தெரிகிற இடத்தில்தான் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. அங்கே அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளும் உண்டு. பலமாக அழுத்தினால் சிலருக்கு இதயத் துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சரிந்து, மயக்கமே வரலாம்.

2010-ல் நியூசிலாந்து மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சம்பவம் பதிவானது. 44 வயதுப் பெண் ஒருவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது திடீரென இடது கையை அசைக்க முடியாமல் போய்விட்டது. ஆக்லாந்தில் உள்ள மிடில்மோர் மருத்துவமனைக்குப் போனார். பக்கவாத அறிகுறி, ஆனால் காரணம் பிடிபடவில்லை. பிறகுதான் அவருடைய கழுத்தின் வலது பக்கம், பெரிய ரத்தக்குழாய்க்கு அருகே சில நாள் பழைய லவ் பைட் தடம் ஒன்று இருந்ததை டாக்டர்கள் கவனித்தார்கள். அந்த இடத்தில் ஏற்பட்ட அடி ரத்தக்கட்டியை உருவாக்கி, அதுவே லேசான பக்கவாதத்தில் முடிந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தில் குணமானார். 2016-ல் மெக்சிகோ சிட்டியில் 17 வயது சிறுவன் ஒருவனின் மரணத்துக்கும் லவ் பைட்தான் காரணம் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. நியூசிலாந்து சம்பவம் மருத்துவ இதழில் வந்தது. மெக்சிகோ விவகாரமோ பெரும்பாலும் பத்திரிகைச் செய்தியாகவே சுற்றியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நேற்று விழுந்த தடத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. மருத்துவ இதழில் தனிக் கட்டுரையாக எழுதும் அளவுக்கு இது அரிது. ஆனால் தவிர்ப்பது ரொம்ப சுலபம்: துடிப்பு தெரிகிற இடத்தை விட்டுவிடுங்கள். தோள், மேல் கை மாதிரி சதைப்பற்றான இடங்களில் இந்தப் பிரச்சினை இல்லை. எங்கேயாக இருந்தாலும், எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் என்பதுதான் தடத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

சிலருக்கு லேசாக உறிஞ்சினாலே பெரிய ரத்தக்கட்டு வந்துவிடும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், ஹீமோஃபிலியா போன்ற ரத்தக் குறைபாடு உள்ளவர்கள், டெங்கு வந்து பிளேட்லெட் எண்ணிக்கை இன்னும் ஏறாதவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். இவர்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உதட்டோரம் கொப்புளம் இருப்பவர்களும் அது முழுக்க ஆறும்வரை வாயை வைக்கக்கூடாது. அது ஹெர்ப்பிஸ் வைரஸாக இருந்தால் எதிராளியின் தோலுக்குப் பரவும். ஒருமுறை உள்ளே போனால் உடலிலேயே தங்கிவிடும்.

கேட்க வேண்டியது ஒரு கேள்வி இல்லை, இரண்டு

உடம்புக்கு வரும் ஆபத்து அரிது என்று பார்த்தோம். லவ் பைட் விஷயத்தில் அன்றாடம் நடக்கிற பாதிப்பு வேறு ஒன்று. தடத்தைக் கொடுத்தவர் மறுநாள் நிம்மதியாக வேலைக்குப் போய்விடுகிறார். அதைச் சுமந்துகொண்டு ஹாஸ்டல் வார்டன் முன்னால், வகுப்பறையில், ஆபீஸ் லிஃப்டில், மாமியார் வீட்டுச் சொந்தங்களின் கேலிக்கு நடுவே நிற்பது இன்னொருவர். நம்ம சமூகத்தில் ஆணின் கழுத்தில் தடம் தெரிந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள். பெண்ணின் கழுத்தில் தெரிந்தால் அவர் குணத்தையே எடைபோடுவார்கள். இது நியாயமே இல்லை. ஆனால் அந்த அநியாயத்தின் விலையைக் கொடுக்கப்போவது யார் என்பதை, உறிஞ்சுபவர் யோசித்துத்தான் ஆகணும்.

அதனால்தான் இரண்டு கேள்வி. முத்தத்துக்குச் சரி என்றவர் கடிக்குச் சரி என்று சொன்னதாக ஆகாது. கடிக்குச் சரி என்றவர், நாளைக்கு ஊரே பார்க்கிற மாதிரி தடம் விழுவதற்குச் சரி என்று சொன்னதாகவும் ஆகாது. ‘இங்க பண்ணலாமா?’ என்பது முதல் கேள்வி. ‘தடம் விழுந்தா உனக்குப் பரவாயில்லையா?’ என்பது இரண்டாவது. கேட்டால் மூடு போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் கழுத்தில் ரத்தக்கட்டோடு நிற்க வேண்டி வந்தால் போகிற மூடு இதைவிடப் பெரிசு.

பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் இல்லை. தூங்குபவரிடமிருந்தும் போதையில் இருப்பவரிடமிருந்தும் சம்மதம் கிடைக்காது. போன மாசம் பிடித்திருந்தது என்பதற்காக இன்றைக்கும் பிடிக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. நடுவில் ‘போதும்’ என்றாலோ, தோளைத் தட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இவ என் ஆளுன்னு எல்லாருக்கும் தெரியட்டும்’ என்று வேண்டுமென்றே வெளியே தெரிகிற இடத்தில் தடம் பதிப்பது. காதலின் ஆழம் மாதிரி படங்களில் காட்டினாலும், இன்னொருவர் உடம்பில் பெயர்ப்பலகை மாட்டுகிற வேலைதான் இது. மறைக்கச் சொல்லிக் கெஞ்சியும் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்றால், அதை ஆசை என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்லுது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு, பாலியல் வன்கொடுமை பற்றியது. சம்மதம் என்பது சொல்லாலோ சைகையாலோ ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து தெரிவிப்பது என்று அது விளக்குகிறது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து சம்மதம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்பதும் அதிலேயே இருக்கிறது. விருப்பமில்லாமல் ஒரு பெண்ணைக் கடிப்பது அவருடைய கண்ணியத்தைக் குலைக்கும் நோக்கிலான தாக்குதல் என்ற 74-வது பிரிவுக்குள் வரலாம். அதற்கு 1 முதல் 5 ஆண்டு வரை சிறை. வேண்டுமென்றே காயப்படுத்துவதற்கு 115-வது பிரிவு ஆண், பெண் இருபாலருக்கும் பொருந்தும். கணவன் செய்தால் கேட்க முடியாது என்பதும் தவறு. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல்ரீதியான, பாலியல் ரீதியான துன்புறுத்தல் இரண்டையும் சேர்த்தே பேசுகிறது. பெண்கள் உதவிக்கு 181-ஐ அழைக்கலாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் ‘சரி’ என்று சொன்னாலும் போக்சோ சட்டத்தில் அது சம்மதமே கிடையாது.

தடம் விழுந்துடுச்சு, இப்ப என்ன பண்றது?

முதல் நாளில் செய்வதுதான் பலன் தரும். ஐஸ் கட்டியை மெல்லிய துணியில் சுற்றி 10 நிமிடம் ஒத்தடம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். குளிர்ச்சியில் ரத்தக்குழாய்கள் சுருங்கி கசிவு குறையும். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக்கூடாது. இரண்டு நாள் கழித்து இதையே மாற்றி, வெதுவெதுப்பான துணி ஒத்தடம். இப்போது ரத்த ஓட்டம் கூடினால் தேங்கியது சீக்கிரம் கரையும். முதல் நாளே சூடு வைத்தால் தடம் பெரிதாகும். வலி இருந்தால் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும்.

இனி, யூடியூப் வைத்தியம். நாணயத்தால் தேய்ப்பது, சீப்பால் கீறுவது, டூத்பிரஷ் போட்டு உரசுவது, டூத்பேஸ்ட், எலுமிச்சை. எதுவும் வேண்டாம். ஏற்கெனவே உடைந்த நுண்குழாய்களோடு இன்னும் சிலதை உடைப்பதுதான் தேய்ப்பதில் நடக்கிறது. பேஸ்டும் எலுமிச்சையும் தோலை எரிச்சலாக்கும். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அந்த எரிச்சல் கருந்திட்டாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். பத்து நாளில் போயிருக்க வேண்டிய தடம் வைத்தியத்தால் தீபாவளி வரை இருக்கும்.

மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கன்சீலர் உதவும். சிவப்பாக இருந்தால் பச்சை நிற கரெக்டர், ஊதாவாக இருந்தால் மஞ்சள். அதன்மேல் உங்கள் தோல் நிற கன்சீலர். தோல் கிழிந்திருந்தால் மட்டும் மேக்கப் போடாதீர்கள்.

இதில் கொடுத்தவருக்கும் வேலை இருக்கிறது. ஐஸ் எடுத்து வந்து தருவது, மறுநாள் ‘வலிக்குதா?’ என்று கேட்பது, அதை ஜோக்காக்கி நண்பர்கள் குரூப்பில் படம் போடாமல் இருப்பது.

டாக்டரிடம் எப்போது போகணும்?

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் மரத்துப்போதல், பேச்சு குழறுதல், திடீரெனக் கடுமையான தலைவலி. கழுத்தில் தடம் இருக்கோ இல்லையோ, இவை வந்தால் உடனே 108. தடம் கட்டியாக வீங்கிக்கொண்டே போனாலோ, இரண்டு வாரம் தாண்டியும் மறையவில்லை என்றாலோ, ஒன்றும் படாமலே உடம்பில் அங்கங்கே ரத்தக்கட்டு வந்தாலோ ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம்.

பல் பட்டு தோல் கிழிந்திருந்தால் கதை வேறு. மனித வாயில் கிருமிகள் ஏராளம், கடிக்காயம் சுலபமாகச் சீழ் பிடிக்கும். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள். வெட்கப்பட்டு ‘எங்கேயோ கீறிடுச்சு’ என்று சொல்லாதீர்கள். மனிதர் கடித்த காயம் என்று தெரிந்தால்தான் ஆன்டிபயாடிக் தேவையா, டிடி ஊசி போடணுமா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று அவர் யோசிப்பார். எப்போது கடித்தது, கடைசியாக டிடி ஊசி எந்த வருடம் போட்டது, இரண்டையும் கையோடு சொல்லிவிடுங்கள்.