ரிங் அடிச்சா பூட் ஆகும்!

ரெண்டு நிமிஷம் வை-ஃபை கட்டானா ஹாஸ்டலையே ரெண்டாக்குற ஆளா நீங்க? அப்போ இந்த மேட்டர் உங்களுக்குத்தான் பாஸ்! இன்டர்நெட் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே, அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பேர் சொந்த பெட்ரூமில் குட்டி குட்டியா 'நெட்' நடத்திட்டு இருந்தாங்க. பேரு, புல்லட்டின் போர்டு சிஸ்டம். சுருக்கமா பி.பி.எஸ்.

ஆரம்பிச்சு வெச்சது ஒரு பனிப்புயல். 1978 ஜனவரியில் சிகாகோ நகரமே பனிக்குள்ள புதைஞ்சு கிடந்தப்போ, வெளியே போக முடியாம மாட்டிக்கிட்டார் வார்ட் கிறிஸ்டென்சன். கம்ப்யூட்டர் கிளப் நண்பர் ரேண்டி சூஸுக்கு போனைப் போட்டார். கிளப் சுவத்துல குண்டூசி குத்தி நோட்டீஸ் ஒட்டுவாங்களே, அதையே போன் லைனில் செஞ்சா என்னன்னு யோசனை. வார்ட் புரோகிராம் எழுத, ரேண்டி ஹார்டுவேரைக் கோத்தார். பிப்ரவரி 16-ம் தேதி உலகத்தின் முதல் பி.பி.எஸ். ரெடி! போன் ரிங் அடிச்சா மெஷின் தானா பூட் ஆகும். பெட்டி இருந்தது ரேண்டி வீட்டில். காரணம் சிம்பிள்... சிகாகோவுக்குள்ள இருந்தா நிறைய பேருக்கு அது லோக்கல் கால்!

இந்த லோக்கல் கால்தான் எல்லாத்துக்கும் அடிப்படை. அங்கே பல ஊர்களில் லோக்கல் கால் எத்தனை பேசினாலும் மாச வாடகையிலேயே அடங்கிடும். வெளியூர்னா பில் எகிறும். அதனால ஒவ்வொரு ஊருக்கும் அதுக்கே அதுக்குன்னு பி.பி.எஸ். முளைச்சுது. நேத்து ராத்திரி சண்டை போட்டவனை சனிக்கிழமை பீட்சா கடையில் நேரிலேயே பார்க்கலாம்.

வேகமா? ஐயோ! 300 பாட் மோடத்தில் செகண்டுக்கு சுமார் 30 எழுத்து. ஸ்க்ரீன் நிறைய ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும். அப்புறம் வந்த 2400-லயும் ஒரு எம்.பி. ஃபைலுக்கு ஒரு மணி நேரம் தாண்டிடும். நடுவுல அம்மா பக்கத்து ரூம்ல ரிசீவரை எடுத்துட்டாங்கன்னா... போச்சு, முதல்லேருந்து!

நடத்துறவருக்குப் பேரு சிஸாப். பெரும்பாலும் ஒரே லைன். ஒருத்தர் உள்ளே இருந்தா மத்தவங்களுக்கு எங்கேஜ்டு டோன்தான். அதனால ஆளுக்கு இத்தனை நிமிஷம்னு கோட்டா. ஃபைல் எடுக்கணும்னா பதிலுக்கு நீங்களும் ஏதாவது ஏத்தணும். லெஜண்ட் ஆஃப் த ரெட் டிராகன் மாதிரி கேம்லகூட ஒரு நாளைக்கு இத்தனை சண்டைதான்னு ரேஷன். கரன்ட், போன் பில் பல இடங்களில் சிஸாப் கைக்காசு. இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்துச்சோ!

1984-ல் டாம் ஜென்னிங்ஸ் ஒரு சூப்பர் வேலை செஞ்சார். நடுராத்திரியில் வெளியூர் கட்டணம் குறைவு இல்லையா... அந்த நேரத்தில் ஒரு பி.பி.எஸ். இன்னொண்ணுக்குத் தானா போன் பண்ணி, கடிதங்களைக் கைமாத்திக்கும். ஃபிடோநெட்னு பேர். ஊர் ஊராத் தாவி உலகத்தையே சுத்துச்சு.

எல்லாம் ஜாலி இல்லை. அதே 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிஸாப் வீட்டுக்குப் போலீஸ் வந்து கம்ப்யூட்டரை அள்ளிட்டுப் போச்சு. யாரோ ஒருத்தன் திருட்டு காலிங் கார்டு நம்பரை அவர் போர்டில் போட்டதுதான் குற்றம். அவர் போடவே இல்லை! கடைசியில் கேஸ் நிக்கலை. ஆனா அடுத்தவன் எழுதினதுக்கு போர்டுக்காரன் பொறுப்பாங்கற கேள்வி நின்னுச்சு. வாட்ஸப் குரூப் அட்மின்கள் கொஞ்சம் கவனிங்க!

1990 மார்ச்சில் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் கம்பெனிக்கு சீக்ரெட் சர்வீஸ் வந்தப்போ, யாரும் இன்னும் படிக்காத கடிதங்களோட அவங்க பி.பி.எஸ். மெஷினும் போச்சு. கம்பெனி கோர்ட்டுக்குப் போய் 1993-ல் ஜெயிச்சது. படிக்காத மின்கடிதத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டுன்னு ஜட்ஜ் சொன்னது அந்த வழக்கில்தான்.

90-களின் நடுவில் இன்டர்நெட் வந்ததும் சிஸாப்கள் ஒவ்வொருத்தரா லைனைப் பிடுங்கிட்டாங்க. ரேண்டி 2019-லும் வார்ட் 2024-லும் காலமானாங்க. டெல்நெட் வழியா சில பி.பி.எஸ்.கள் இன்னும் ஓடுது. ரெட் டிராகனை அங்கே இப்பவும் வேட்டையாடலாம். நாளைக்கு இத்தனை சண்டைங்கற ரேஷனை மட்டும் மாத்தலை!