திருச்செந்தூர் பாசஞ்சரில் ஒரு பதநீர்ப் பயணம்!

இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. கிராமத்து ரயிலில் ஏறுவது... குட்டி ஸ்டேஷனில் இறங்குவது... பக்கத்து 'பப்'பில் ஒரு கிளாஸ் பியரோடு ஊர்க்கதை பேசிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது! 'நமக்கு ஏது அந்தக் கொடுப்பினை?' என்று பெருமூச்சு விடுகிறவர்கள், நேராகத் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வாருங்கள்.

திருச்செந்தூர் லைன் 1923-ல் போட்டது. சுமார் 60 கி.மீ. 2008-ல் மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. பாசஞ்சரின் நிதானம் மட்டும் அப்படியே! தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர்... வயலும் வாழையும் கூடவே வரும். நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி, சர்ச் கோபுரம் தெரியும் நாசரேத், பள்ளிவாசல்கள் நிறைந்த காயல்பட்டினம், கடைசியில் செந்தில் முருகன். அத்தனை சாமிக்கும் ஒரே டிக்கெட்!

சரி, 'பப்' எங்கே? பங்குனி, சித்திரையில் வந்தால் பனைமரத்தடியில்! பியர் ஆசாமிகள் மன்னிக்கணும்... தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்குவதால், புளிக்காமல் தித்திக்கும் பதநீர்தான் கிடைக்கும். ஓலைப் பட்டையை மடித்துப் பிடித்து, நுங்கும் போட்டுக் குடித்தால், "இன்னொரு பட்டை ஊத்தட்டா அண்ணாச்சி?" என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. சீசன் இல்லையா? இருக்கவே இருக்கு கருப்பட்டிக் காபி!

இந்த லைனின் உபசாரம் பதநீரோடு முடிகிற சமாசாரமும் இல்லை.

2023 டிசம்பர் 17 இரவு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் கொட்டித் தீர்த்த பேய்மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அள்ளிக்கொண்டு போய், கம்பிகள் அந்தரத்தில் தொங்கின! ரயிலில் சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர். சாலையும் துண்டிப்பு.

முதலில் கை கொடுத்தது ஸ்டேஷனை ஒட்டிய புதுக்குடி ஜனங்கள்தான். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தான். 'நமக்கு நாளைக்கு?' என்று கணக்குப் பார்க்காமல், இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி, முன்பின் தெரியாதவர்களுக்குப் பரிமாறினார்கள். ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போட்டதும், மீட்புப் படையினர் எல்லோரையும் கரை சேர்த்ததும் அப்புறம்தான். 19-ம் தேதிதான் கடைசிப் பயணிகள் ரயிலை விட்டு வெளியேறினார்கள்.

அடுத்த முறை முருகனைப் பார்க்கப் போகும்போது கார், வேன் எல்லாம் வேண்டாம். பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்காருங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நிற்கும்போது, புதுக்குடி இருக்கிற திசையைப் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போடுங்கள்!