கியர் பெட்டி குற்றவாளியா?

பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அமர்ந்து பயணம் செய்திருக்கிறீர்களா? கியர் மாற்றும்போது சில சமயம் 'கர்ர்ர்' என்று பல்லைக் கடிப்பது போல் ஓர் ஓசை எழும். "கியர் பாக்ஸ் போச்சு!" என்று பக்கத்து இருக்கைக்காரர் தீர்ப்பும் வழங்கிவிடுவார். பழுதுபார்க்கும் பட்டறைகளிலும் இதே தீர்ப்பு சில வேளைகளில் அவசரமாக வழங்கப்படுவதுண்டு. அங்கே அதற்கு விலை பல ஆயிரம் ரூபாய். தீர்ப்பு சரிதானா என்று பார்க்க உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

முதலில், கியர் பெட்டி எதற்கு? திறன் என்பது திருப்புவிசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. எஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் அதன் திருப்புவிசை குறைவு. நின்ற காரைக் கிளப்பவோ மேட்டில் ஏற்றவோ அது போதாது. சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும், அதே மடங்கில் திருப்புவிசை கூடும். எடுத்துக்காட்டாக, ஒரு காரின் முதல் கியரில் எஞ்சின் 14 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று சுற்றும் என்று கொள்வோம். உராய்வு இழப்பை ஒதுக்கிவிட்டால் சக்கரத்தில் 14 மடங்கு திருப்புவிசை கிடைக்கும். உயர் கியரில் இந்த விகிதம் 4 என்க. விசை குறைவு, வேகம் அதிகம். பல கியர் கொண்ட மிதிவண்டியை ஓட்டியவர்களின் கால்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

இன்றைய கார்களின் கியர் பெட்டியில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் இருக்கின்றன. கியர் கோலைத் தள்ளும்போது நகர்வது பற்சக்கரம் அல்ல. தண்டின் மேல் சறுக்கும் ஒரு வளையம். அது வேண்டிய பற்சக்கரத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு பற்களைப் பற்றி, அதைத் தண்டோடு பிணைத்துவிடும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் அந்தச் சிறு பற்கள் உரசும். அதுதான் அந்தக் 'கர்ர்ர்'. இதைத் தவிர்க்க, பற்கள் கோக்கும் முன்பே வேகங்களைச் சமமாக்கும் பித்தளைக் கூம்பு வளையம் ஒன்று இடையில் வைக்கப்படுகிறது. உராய்வினால் இழுத்து வேகத்தை ஒப்பாக்குவது அதன் வேலை. சிங்க்ரோமெஷ் எனப்படும் இந்த அமைப்பு 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமாயிற்று. இன்றும் பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் இந்த வசதி இருப்பதில்லை. அதன் பற்கள் பெரும்பாலும் நேராக வெட்டப்பட்டவை. பின்னோக்கிச் செல்லும்போது கார் ஊளையிடுவது இதனால்தான். அது நோயல்ல.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறது. இங்கே பற்களே கிடையாது. உராய்வுப் பூச்சுள்ள ஒரு தட்டு, எஞ்சினோடு சுழலும் சக்கரத்தின் மேல் வில்விசையால் அழுத்தப்படுகிறது. உராய்வு ஒன்றுதான் பிடிமானம். இப்போது ஒரு கேள்வி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் அலறுகிறது. காரின் வேகமோ கூடவில்லை. எங்கோ ஏதோ வழுக்குகிறது. எங்கே?

பற்சக்கரம் வழுக்காது. ஒரு பல் நகர்ந்தால் எதிர்ப்பல்லும் நகர்ந்தே தீர வேண்டும். பல் உடையலாம், கோத்த வளையம் கழன்று கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடலாம். ஆனால் பாதி வழுக்கிப் பாதி இழுக்க அதனால் இயலாது. பாதிப் பிடிப்பு என்பது உராய்வுக்கு மட்டுமே உரிய குணம். ஆகவே சந்தேகம் கிளட்ச் மேல்தான் விழ வேண்டும்.

இதை எண்ணால் நிறுவவும் முடியும். சக்கரத்தின் சுற்றளவு 1.8 மீட்டர், உயர் கியரின் மொத்த விகிதம் 4 என்க. எஞ்சின் நிமிடத்திற்கு 2000 சுற்று சுற்றினால் சக்கரம் 500 சுற்று. அதாவது நிமிடத்திற்கு 900 மீட்டர். மணிக்கு 54 கி.மீ. எஞ்சின் சுற்றை வேகத்தால் வகுத்தால் 37 வரும். எஞ்சின் 1500 சுற்றில் ஓடினால் வேகம் 40.5, வகுத்தால் மறுபடியும் 37. ஒரே கியரில், கிளட்ச் மிதிக்கப்படாத வரை, இந்த ஈவு மாறவே கூடாது. உங்கள் காரின் விகிதமோ சக்கரத்தின் அளவோ தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதிலுள்ள அழகு. ஈவு மாறிலியாக இருக்கிறதா என்று பார்த்தாலே போதும்.

சமதளத்தில் மெதுவாகச் செல்லும்போது தேய்ந்த கிளட்ச்கூட ஒழுங்காகப் பிடித்துக்கொள்ளும். மேட்டில், உயர் கியரில், ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் அதன் குட்டு வெளிப்படும். அப்போது எஞ்சின் 3000 சுற்றிலும் கார் அதே 54 கி.மீ. வேகத்திலும் இருந்தால் ஈவு 55க்கு மேல் போய்விட்டது. எஞ்சினின் மூன்றில் ஒரு பங்குச் சுழற்சி தட்டுக்குப் போய்ச் சேரவில்லை. தட்டின் இரு பக்கமும் திருப்புவிசை சமம். ஆகவே திறனிலும் மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகிறது. எஞ்சின் 30 கிலோவாட் தந்தால், 10 கிலோவாட் அந்தத் தட்டில்! ஓராயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பத்தை ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல. கருகல் நாற்றம் வராமல் என்ன செய்யும்?

(இந்தச் சோதனையில் உங்கள் வேலை பக்கத்தில் அமர்ந்து அளவுகளைக் குறிப்பது மட்டுமே. ஓட்டுபவர் சாலையைப் பார்க்கட்டும். முழுத் தானியங்கி கியர் உள்ள பல கார்களில் எஞ்சினின் சுழற்சி திரவத்தின் வழியாகக் கடத்தப்படுவதால் சிறிது வழுக்கல் இயல்பு. அவற்றுக்கு இக்கணக்கு பொருந்தாது.)

மற்ற ஓசைகளும் தங்கள் இடத்தைத் தாமே காட்டிக்கொடுக்கும். எல்லாக் கியர்களிலும் உரசல் எழுந்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரே ஒரு கியரில் மட்டும் எழுந்தால் அந்தக் கியரின் கூம்பு வளையம் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. வண்டி நியூட்ரலில் நிற்கும்போது இரைச்சல் இருந்து, கிளட்ச்சை மிதித்ததும் அடங்கினால் கியர் பெட்டியின் உள்தண்டு பேரிங். மிதித்தால்தான் இரைச்சல் என்றால் கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங். எண்ணெயை வடித்துப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டிய மை போன்ற இரும்புத்தூள் வழக்கமான தேய்மானம், நகத்தால் எடுக்கும் அளவுக்குச் சில்லுகள் இருந்தால் அங்கே பட்டறைக்காரர் சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

எங்கள் கல்லூரியின் சக ஆசிரியர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மலைச்சாலையில் அவர் கார் அலறியது, ஏறவில்லை. கியர் பெட்டி பழுது என்றார் பட்டறைக்காரர். செப்பனிட்ட வேறொரு பெட்டி பொருத்தப்பட்டது. பில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஒரு வாரத்தில் மறுபடியும் அதே அலறல். "இது புதுப் பழுது சார், கிளட்ச். அதுக்குத் தனி பில்" என்றார் அவர். தனித்தனிப் பழுதுகள் ஒரே காரில் வருவது நடக்கக்கூடியதே. எடுத்த எடுப்பில் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. நல்ல வேளையாக, பழுதுபார்ப்புக்கு முன் மலைப்பாதையில் குரங்குகளைப் படமெடுத்த ஆசிரியரின் மகள், கருவிப்பலகையையும் சேர்த்தே கைப்பேசியில் பதிந்திருந்தாள். பதினோராம் வகுப்பு மாணவி. அதிலிருந்து அளவுகளை எடுத்து ஈவு கண்டாள். அதே மேட்டில் மறுபடியும் அளந்தாள். கியர் பெட்டி மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ஈவு ஒரே மாதிரி ஏறியது. மாற்றிய பொருளால் நோய் அசையவில்லை என்றால், நோய் அங்கே இல்லை!

அந்த ஒரு தாளைப் பார்த்த பட்டறை உரிமையாளர் கூலி வாங்காமல் கிளட்ச் தட்டை மாற்றித் தந்தார். கழற்றிய தட்டின் பூச்சு ரிவெட் தலைகள் வரை தேய்ந்திருந்தது. உங்கள் ஆய்வகத்து வெர்னியரைக் கொண்டே அதை அளந்திருக்கலாம். இதிலே எனக்கு மனம் ஆறாதது இன்னொன்று: கிளட்ச்சைத் தொட வேண்டுமென்றாலே கியர் பெட்டியைக் கழற்றியாக வேண்டும். முதல் முறை கழற்றியபோதே அந்தத் தட்டு கண்ணெதிரே இருந்திருக்கும். கியர் பெட்டிக்குக் கொடுத்த பணம் மட்டும் திரும்பவில்லை. அதுவும் பழுதாகத்தான் இருந்தது என்றார் உரிமையாளர். பழைய பெட்டி அதற்குள் பழைய இரும்புக்குப் போய்விட்டதால் அது உண்மையா என்று யாராலும் சொல்ல இயலவில்லை.

இத்தகைய வழக்குகளில் சட்டம் இரு பக்கமும் பார்க்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170ஆம் பிரிவின்படி, உழைப்பையும் திறமையையும் செலவிட்டுப் பழுதுபார்த்தவர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிய கூலி கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம். எனவே கூச்சலிட்டுப் பயனில்லை. 'ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை மீட்டுக்கொண்டு, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என முறையிடலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைத்துப் பார்க்கலாம்.

ஆணையம் கேட்பது சான்று. வேலை தொடங்கும் முன் என்ன பழுது, எதை மாற்றப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். வண்டியை ஒப்படைக்கும் நாளிலேயே, எந்தக் கியரில், எத்தனை சுற்றில், எவ்வளவு வேகம் என்ற நான்கைந்து வரிகளைத் தேதியிட்டு அதன் கீழே குறித்து, அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.